கவிழ்த்து வைத்த கேரியர்

கும்மிடிப்பூண்டி
18 பிப்ரவரி 2024

தம்பி அன்புவுக்கு அக்கா சோனியா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் ஸ்டீவன் மாமாவும் சுகமாக இருக்கிறோம். உன் முதுகு வலி இப்போது எப்படி? அம்மாவுக்கு இடது கை இன்னும் தூக்க வரவில்லை. வாய் மட்டும் ஜோராக வேலை செய்கிறது. காலையில் கண் திறந்ததும், “அன்பு எப்போ வரான்?” என்பதுதான் முதல் ஜெபம்.

நீ ஜெயிலிலிருந்து போன் போட்டால் உன் குரலைவிடப் பின்னால் வரிசையில் நிற்கிறவன் குரல்தான் எனக்கு அதிகம் கேட்கிறது. அதனால் எழுதுகிறேன். நல்ல சேதிதான். உன் முன்விடுதலை மனு விஷயமாக நன்னடத்தை ஆபீசர் வந்திருந்தார். நம் வீட்டில் டீ குடித்துவிட்டு நேராகப் பச்சையப்பன் வீட்டுக்குப் போனார். உங்கள் கூட்டம் வெட்டிப் போட்டவனின் பெண்டாட்டியிடமே போய், அன்பு வெளியே வந்தால் உனக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டிருக்கிறார். தமிழ்செல்வி முதலில் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாளாம். அப்புறம், “அந்தம்மா கை கால் வராம படுத்துக்கினு கீது சார். புள்ள வந்து பாத்துக்கட்டும். நான் குறுக்க நிக்கல” என்றாளாம்.

இந்த ஒரு வார்த்தை சும்மா வந்துவிடவில்லை தம்பி. நானும் அவளும் ஒரே பாட்டில் மூடி கம்பெனி, ஒரே கம்பெனி பஸ். ஆரம்பத்தில் நான் ஏறினால் அவள் இறங்கிவிடுவாள். ஒருநாள் அவள் பக்கத்து சீட்டைத் தவிர இடமே இல்லை. உட்கார்ந்தேன். அவள் இறங்கவில்லை. அங்கே தொடங்கியது. இப்போது அவள் புருஷன் நினைவு நாளில் படைக்கிற சோறு நமக்கும் வருகிறது.

போன வாரமும் வந்தது. அவன் கடைசியாக எடுத்துப்போன அதே கேரியரில், அதே கருவாட்டுக் குழம்பும் கத்திரிக்காய் பொரியலும். அன்றைக்கு அந்தக் கேரியர் அவனுடைய ஸ்கிராப் யார்டு கொட்டகையில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததாம். வருஷா வருஷம் அவள் இதைச் சொல்லுவாள். “தின்ன தட்ட நகத்தி வெக்காத மனுசன் சோனியா. அன்னிக்கு மட்டும் கழுவி கவுத்து வெச்சிருக்குது. இனிமே இவளுக்கு வேலை வெக்கக் கூடாதுன்னு தோணிக்கீது. பசியோட போவல. அது போதும் எனக்கு.” நான் தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிடுவேன். வேறு என்ன செய்ய?

இன்னொன்று. அம்மாவைப் பார்க்க நீ ஜெயில் லீவில் வந்தபோது சினிமாக்காரன் பென்னி என்று ஒருத்தன் உன்னோடு உட்கார்ந்து பேசினானே, அவன் போன் செய்து உன் பழைய போட்டோ கேட்கிறான். எதற்கு? ஆர்டர் வரும்வரை வாயையும் கையையும் அடக்கி இரு. கர்த்தர் உன்னைக் காப்பாராக.

உன் அக்கா
சோனியா


கோயம்புத்தூர்
11 மார்ச் 2024

அக்காவுக்கு அன்பு எழுதுவது. நான் நலம். முதுகு பரவாயில்லை, பேக்கரி வேலையில் போட்டிருக்கிறார்கள், நிற்கிற வேலை என்பதால் படுத்தால்தான் தெரிகிறது. அம்மா கையில் தைலம் தேய்த்துவிடு. மாமாவைக் கேட்டதாகச் சொல்லு.

ஆபீசர் விஷயம் படித்து இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. அந்த அம்மாவுக்கு நன்றி என்று சொல்லக்கூட எனக்குத் தகுதி இல்லை. நீயே ஏதாவது சொல்லிவிடு.

பென்னி விஷயத்துக்கு ஏன் பயப்படுகிறாய்? அவனுடைய டைரக்டர் நம் ஏரியாவை வைத்துப் படம் எடுக்கிறார். இதுவரை எடுத்ததெல்லாம் என்ன படம்? கத்தியைப் பிடிக்கவே தெரியாதவன் கத்தி பிடிப்பான். லாரி லாரியாக ஸ்கிராப் போகிற ஊரில் ஹீரோ ஒரு சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் நைனா எப்படி இருப்பார்? கைலியைக் கட்டிக்கொண்டு டீக்கடையில் பேப்பர் படிப்பார். அவர் வாயிலிருந்து சத்தமாக ஒரு வார்த்தை கேட்டவன் உண்டா? படத்தில் அவரைப் போன்ற ஆளுக்குச் சுருட்டும் கோட்டும் மாட்டிவிடுகிறார்கள். பென்னி இதையெல்லாம் சரியாகக் கேட்டான். யார் எப்படி உட்காருவார்கள், எங்கே நின்று பேசுவார்கள், என்ன தின்பார்கள். பேரை மாற்றிவிடுவார்களாம். போட்டோ கொடு. இந்தப் பட விஷயம் ஜெயில் பிளாக்கில் தெரிந்துபோய், இப்போது எனக்கு முதலில் டீ வருகிறது.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

அன்பு


கும்மிடிப்பூண்டி
23 ஜூன் 2024

அன்புள்ள தம்பிக்கு, வீட்டில் சுகம். அம்மா கஞ்சி மட்டும் குடிக்கிறாள். நீ எப்படி இருக்கிறாய்? வெயில் குறைந்ததா?

போட்டோ கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன். ஆனால் அவர்களுக்கு உன் போட்டோ தேவைப்படவில்லை. மூடிக் கிடக்கிற ரோலிங் மில்லில் ஷூட்டிங் நடக்கிறது. ஸ்டீவன் மாமாவுக்கு அங்கேயே கரண்டு வேலை கிடைத்தது. வந்து வந்து கதை சொல்கிறார். நம் ஊரில் இல்லாத துருவா? புது வண்டியைக் கொண்டுவந்து அதற்குத் துரு பெயின்ட் அடிக்கிறார்களாம். ரவுடியாக நிற்க ஆள் வேண்டும் என்றதும் நம் பையன்கள் ஐடிஐ வகுப்பை விட்டுவிட்டு வரிசையில் நிற்கிறார்கள். தாடி வளர்ந்தவனுக்கு முதல் வரிசை. உன் சிநேகிதக்காரன் தேசப்பனுடைய மகன் ரெண்டு நாளாக வீட்டிலும் காலை அகட்டி வைத்தே நடக்கிறானாம். உங்க மாமா அதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹீரோ இடது கையில்தான் டீ குடிக்கிறானாம். பீடியைக் காதில் சொருகுகிறானாம். “அப்படியே நம்ம அன்பு மாரி கீறான் சோனியா” என்றார் மாமா. 

உன் ஃபைல் சென்னைக்குப் போய்விட்டது என்கிறார்கள். இந்த நேரத்தில் இது எதற்கு? அவனிடம் என்னென்ன சொன்னாய்? அவன் வந்த அன்றைக்கு என்னைப் பால் வாங்க அனுப்பிவிட்டீர்கள். கேஸ் விஷயம் எதையாவது சொல்லியிருந்தால், அதை எடுக்காதே என்று இன்றைக்கே அவனுக்கு எழுது. தமிழ்செல்வி ஒரு வார்த்தையில்தான் நம் வீடு நிற்கிறது.

உன் நன்மைக்காக ஜெபிக்கும்
அக்கா


கோயம்புத்தூர்
30 ஜூலை 2024

அக்காவுக்கு, நலம். அங்கே மழை உண்டா? அம்மா கஞ்சிதான் குடிக்கிறாள் என்று படித்தேன். கொஞ்சம் மீன் பிசைந்து கொடுத்துப் பார்.

நீ ரொம்ப யோசிக்கிறாய். அந்தக் காலை அகட்டி நடக்கிற நடையை நானே பொன்னேரி சினிமாக் கொட்டகையில்தான் கற்றுக்கொண்டேன், உனக்கு ஞாபகம் இல்லையா? படம் விட்டு வந்ததும் அப்படி நடந்து அம்மாவிடம் துடைப்பத்தால் அடி வாங்கினேனே. அப்புறம் பஸ் ஸ்டாண்டில் அப்படி நடந்ததும் நாலு பேர் வழி விட்டார்கள். நைனா கூப்பிட்டு அனுப்பினார். அந்த நடையைத்தான் இப்போது பென்னி எழுதி எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். சினிமாக்காரர்கள் கொடுத்ததை அவர்களே வாங்கிக்கொண்டார்கள், இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

கோர்ட்டில் இத்தனை வருஷம் கேஸ் நடந்தது, என்னை யாரும் ஒரு பேச்சை முழுசாகப் பேச விடவில்லை. ஆமா, இல்லை, அவ்வளவுதான். பென்னி கண்ணை விரித்துக் கேட்டான். அப்புறம் என்ன, அப்புறம் என்ன என்று கேட்டான். பேச்சு வாக்கில் பொதுவாக ஏதோ சொன்னேன். கேஸ் விஷயம் சொல்லவில்லை.

ஆர்டர் பற்றித் தெரிந்தால் உடனே எழுது. வெளியே வந்தால் மாமாவோடு ஒயரிங் வேலைக்குப் போகலாம் என்று இருக்கிறேன்.

அன்பு


கும்மிடிப்பூண்டி
19 ஜனவரி 2025

தம்பி அன்புவுக்கு. அம்மா சுகம். நாங்களும் இருக்கிறோம்.

பொங்கலுக்குப் படம் வந்தது. மாமாவோடு போய்ப் பார்த்தேன். தியேட்டர் முழுக்க நம் ஊர் ஆட்கள். நம் ரயில்வே கேட்டைக் காட்டினால் விசில், நம் சிப்காட் போர்டைக் காட்டினால் விசில். ஹீரோ நீதான். பெயர் வேறு, மற்றபடி நீதான். ஏழைக்கு இரங்குகிறான், அம்மா காலில் விழுகிறான், தங்கச்சி கல்யாணத்துக்கு அழுகிறான். என்னைத் தங்கச்சி ஆக்கிவிட்டார்கள், அது போகட்டும். பச்சையப்பனைத்தான் பார்க்க முடியவில்லை. லோடு ஏற்றுகிறவர்களோடு சேர்ந்து வேர்வை வழிய நின்ற மனுஷன் அவன். படத்தில் வேலைக்கு வருகிற பெண்களைக் கையைப் பிடித்து இழுக்கிறான். அப்போதுதானே அவனை வெட்டும்போது கை தட்டுவார்கள். தட்டினார்கள்.

அதற்கு அப்புறம் வருவதைத்தான் கேட்கிறேன். பட்டப்பகலில் அவனை முடித்துவிட்டு, வண்டி வருகிறவரை யார்டு கொட்டகையில் ஒளிந்திருக்கிறார்கள். ஹீரோவுக்குப் பசிக்கிறது. செத்தவனுடைய கேரியரை எடுத்துப் பிரிக்கிறான். கருவாட்டுக் குழம்பு. சோற்றைத் தள்ளினால் அடியில் ஒரு அவித்த முட்டை ஒளிந்திருக்கிறது. அதை எடுத்துப் பார்த்து லேசாகச் சிரிக்கிறான். பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கிறது, சீட்டு மேல் ஏறி நின்று விசில் அடிக்கிறார்கள். தின்று முடித்துவிட்டுக் கேரியரை ஒவ்வொரு தட்டாகக் கழுவி, வரிசையாகக் கவிழ்த்து வைக்கிறான்.

மாமா இடைவேளையில் பாப்கார்ன் வாங்கி வந்தார். பொட்டலத்தைப் பிரிக்காமல் அவரிடமே கொடுத்தேன்.

தின்ற தட்டைக் கழுவிக் கவிழ்க்காமல் எழுந்தால் அம்மா நம் முதுகில் போடுவாள். அப்படி வளர்ந்தவர்கள் நாம் ரெண்டே பேர். நான் பச்சையப்பன் யார்டு கொட்டகைக்குப் போனதில்லை.

அன்பு, அது சினிமாக்காரன் கட்டின கதைதான் என்று ஒரு வரி எழுது. தமிழ்செல்வி இன்னும் படம் பார்க்கவில்லை. யாராவது சொல்லி அவள் கேட்டால் காட்டுவதற்கு உன் கையெழுத்தில் ஒரு வரி வேண்டும். உடனே எழுது.

அக்கா


கோயம்புத்தூர்
10 பிப்ரவரி 2025

அக்காவுக்கு, நான் நலம், நீங்கள் எல்லாரும் நலமா? இங்கே குளிர் விடவில்லை. அடுத்த முறை வரும்போது ஒரு ஸ்வெட்டரும் ரெண்டு துண்டும் கொண்டு வா. முதுகு வலிக்குப் புது மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பேக்கரியில் பன் போடுகிறோம், நன்றாக வருகிறது.

படம் நன்றாக ஓடுவதாகப் புதிதாக வந்தவர்கள் சொல்கிறார்கள். சண்டைக் காட்சியில் கறுப்புச் சட்டை போட்டிருக்கிறானாமே? நான் என்றைக்குக் கறுப்புச் சட்டை போட்டேன்? டைரக்டர்களுக்கு எதுவும் சொல்லிக் கொடுக்க முடியாது.

அம்மாவைக் கண் ஆஸ்பத்திரியில் காட்டினாயா? வாரம் ஒரு பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணுகிறார். நல்ல மனுஷன். மாமாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

அன்பு


கும்மிடிப்பூண்டி
23 பிப்ரவரி 2025

அன்பு, அம்மாவுக்கு வலது கண்ணில் புரை. ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்கள். “அன்பு வரட்டும், அவன் மூஞ்சியப் பாக்கத்தான் கண்ணு” என்கிறாள்.

ஸ்வெட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். நான் கேட்ட ஒரு வரி உன் கடிதத்தில் இல்லை. பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

தமிழ்செல்வி படத்துக்குப் போகவில்லை. படம் அவள் வீட்டுக்கு வந்துவிட்டது. அவள் மகள் சுமலதா போனில் அந்தக் கேரியர் காட்சி மட்டும் ஓடியிருக்கிறது. இப்போது அதுதான் பேஷன். கம்பெனி கேன்டீனில் பையன்கள் சாப்பிட்டதும் டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்து, அந்தப் பாட்டைப் போட்டு வீடியோ எடுக்கிறார்கள். பிரின்சி என்று எங்கள் சூப்பர்வைசர், அவளே ஒன்று எடுத்துப் போட்டிருக்கிறாள். யார் கேரியர் அது என்று அவளுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை பஸ்ஸில் தமிழ்செல்வி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “இன்னா சோனியா, அது நெஜமா?” என்றாள். “சினிமாக்காரன் இட்டுக்கட்டினது அக்கா. நீ சொல்ற குழம்பு கதை ஊருக்கே தெரியுமே, எவனோ சொல்லிருப்பான்” என்றேன். நாக்கு கூசாமல் சொன்னேன்.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “கொழம்பு எல்லாருக்கும் தெரியும். முட்டை யாருக்குத் தெரியும்? அன்னிக்கு ஊட்ல இருந்தது ஒரே முட்டை. சுமா எனுக்குத்தான்னு அழுதுச்சு. இல்லன்னு சொல்லிட்டு, வெயில்ல நிக்கிற மனுசனாச்சேன்னு சோத்துக்கு அடியில வெச்சு அனுப்பனேன். புள்ளய ஏமாத்தனத வெளிய சொல்ல வெக்கம். படையல்ல கூட முட்டை வெச்சதில்ல. எங்கூட்டுக்காரன் கிட்ட கூட சொல்லல, சாயந்தரம் வந்து அதுவே கேக்கட்டும்னு இருந்தேன்.”

பெத்திக்குப்பம் ஸ்டாப் வந்தது. இறங்கும்போது, “அப்போ பசியோடதான் போச்சு” என்றாள். என்னிடம் சொன்னது போலவும் இல்லை.

நான் இனிமேல் உன்னை எதுவும் கேட்கப் போவதில்லை.

சோனியா


கோயம்புத்தூர்
9 மார்ச் 2025

அக்காவுக்கு, எல்லாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். எனக்கு உடம்பு சுமார்.

அம்மா கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். நான் வருகிறேன் என்று காத்திருக்கச் சொல்லாதே.

ஆபீசர் மறுபடி விசாரிக்க வந்தால் அந்த அம்மா என்ன சொல்லும் என்று தெரியுமா? தெரிந்தால் எழுது. பென்னிக்கு எழுதினேன், பதில் இல்லை. அவன் இப்படி எடுப்பான் என்று நான் நினைக்கவில்லை.

இங்கே புதன்கிழமை முட்டை கொடுக்கிறார்கள். நான் பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கொடுத்துவிடுகிறேன். எனக்கு ரொம்ப நாளாகவே ஒத்துக்கொள்வதில்லை.

அன்பு


கும்மிடிப்பூண்டி
30 மார்ச் 2025

தம்பிக்கு, அம்மாவும் மாமாவும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆபீசர் வந்தார். ஃபைல் திரும்பி வந்து, புதுசாக ரிப்போர்ட் கேட்டிருக்கிறார்களாம். தமிழ்செல்வி வாசலிலேயே நின்றபடி, “எனுக்கு ஆட்சேபணை கீது சார். எழுதிக்குங்க” என்று சொன்னாளாம்.  உன் மனு தள்ளுபடி ஆகிவிட்டது என்று வக்கீல் நேற்றுச் சொன்னார். மறுபடி போடலாமாம். போட்டாலும் ஆபீசர் அதே வாசலுக்குத்தான் போவார். அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் மேல் வருகிறது, வந்த வேகத்தில் அழுகையாகிவிடுகிறது. நீ கொலை செய்தாய் என்று தெரிந்தும் உனக்காக வக்கீல் வீடு வீடாக அலைந்தவள் நான். ஒரு முட்டைக்கு ஏன் இப்படி உடைந்துபோகிறேன் என்று மாமா கேட்கிறார். 

அதற்கு நடுவில், திதி தள்ளி விழுந்ததால், இந்த மாதத் தொடக்கத்தில் நினைவு நாளும் வந்து போனது. இந்த வருஷம் சோறு வராது என்றுதான் இருந்தேன். மத்தியானம் அவளே வந்தாள். அதே கேரியர். வாசற்படி ஏறவில்லை. “இந்த வருசம் அவருக்குப் படைக்கல சோனியா. அவரு இத தின்னதே இல்லியே. இது உன் தம்பி தின்ன சோறு. அவனுக்கே குடுத்துடு. முட்டையும் வெச்சிக்கீறேன்” என்றாள். கத்தவில்லை. கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். கேரியர் சூடாக இருந்தது.

என்னால் தின்னவும் முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை. அலமாரி மேல் வைத்தேன். உள்ளே இருந்து அம்மா, “தமிழு வந்துச்சா? கொழம்பு வாசன வருதே, எனுக்குக் கொஞ்சம் போடேன்” என்றாள். வருஷா வருஷம் தின்கிறவள்தானே. என்ன சொல்லி மறுக்க? பிசைந்து ஊட்டினேன். முட்டையை மட்டும் ஊட்டவில்லை. நன்றாக இருக்கிறது என்று ரெண்டு தடவை சொன்னாள்.

மீந்ததைச் சாயங்காலம் குழி தோண்டிப் புதைத்தேன். கேரியரைக் கழுவினேன். கவிழ்த்து வைக்கக் கை வரவில்லை, அப்படியே நிமிர்த்தி வைத்திருக்கிறேன். ஒருத்தர் கொடுத்த ஏனத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற பழக்கம் நம் வீட்டில் கிடையாது. சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். வாரக்கணக்காக அது அடுப்பு மேடையில் இருக்கிறது. அதில் என்ன போட்டுக் கொடுக்க? அதையாவது நீ சொல்லு.

சோனியா


கோயம்புத்தூர்
27 ஏப்ரல் 2025

அக்காவுக்கு, நலம். மாமாவும் நலம்தானே. அம்மா கண் ஆபரேஷன் முடிந்ததா? கட்டுப் பிரித்தார்களா?

மனு விஷயம் இங்கேயும் சொன்னார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

பென்னி பார்வையாளர் மனு போட்டு என்னைப் பார்க்க வந்தான். ரெண்டாம் பாகம் எடுக்கிறார்களாம். ஹீரோ ஜெயிலுக்குள் இருப்பது போலக் கதை. இங்கே எத்தனை மணிக்கு எழுப்புவார்கள், பன் எப்படிப் போடுகிறீர்கள், ராத்திரி யாரை நினைத்துக்கொள்வாய் என்று கேட்டான். பேசக் கூடாது என்று நினைத்துத்தான் போனேன். எதிரில் ஒருத்தன் உட்கார்ந்து கேட்கும்போது பேச்சு வந்துவிடுகிறது அக்கா. பன்னைப் பற்றிச் சொன்னேன். முதுகு வலியைச் சொன்னேன்.

போகும்போது, “அந்தாளு ஒய்ஃப் படம் பாத்துச்சாண்ணா, இன்னா சொல்லிச்சு?” என்று கேட்டான். “அது ஒண்ணும் சொல்லல, நீ கெளம்பு” என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. இது நிஜம், நம்பு.

கேரியரில் என்ன போட்டுக் கொடுக்க என்று கேட்டிருந்தாய். தினமும் யோசிக்கிறேன். பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன், அதனால்தான் இவ்வளவு தாமதம். எனக்கு எதுவும் தோன்றவில்லை. அம்மாவைக் கேட்டுப் பார். இதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்.

அன்பு